உப்பில் ஏறிய பேனா

ஞானதாஸுக்கு ஏழு வயதிருக்கும்போது, பழவேற்காடு ஏரியின் தோணிரேவுக் கரையில் இறால் கூடையைத் தூக்கப் போன இடத்தில், ஒரு இறாலின் கொம்பு இடது கண்ணில் குத்திவிட்டது. புண் ஆறியது, கண்ணில் பூ விழுந்தது. அதன் பிறகு அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஒற்றைக் கண்ணோடு ஏரியில் தொழில் செய்கிறவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவருடைய நைனா மகனைப் படகில் ஏற்றவே இல்லை, மிஷன் பள்ளிக்கூடத்துக்குத்தான் துரத்தினார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பிட்டர் வேலை படித்து, 1970-இல் ஞானதாஸ் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். வாரமெல்லாம் நகரத்தில் வேலை. சனிக்கிழமை மாலை பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு பஸ், ஞாயிறு பூசை, திங்கள் விடியலில் மறுபடி பஸ். கல்யாணமாகி, மகள் பிலோமினா பிறந்த பிறகும் இந்தப் போக்குவரத்து மாறவில்லை. மனைவி ஜெசிந்தா கரையில் மீன் எடுத்துப் பொன்னேரிச் சந்தையில் விற்றுக்கொண்டு ஊரிலேயே இருந்தாள்.

1974-இல் அந்தக் கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ராமன் மெஷின் வந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு லேசர், நிறங்களைப் பிரிக்கிற பெரிய கறுப்புப் பெட்டி, ஓரத்தில் காகிதச் சுருளின் மேல் பேனா ஓட்டுகிற ரெக்கார்டர். லேசரின் பச்சை ஒளியை ஒரு பொருளின் மேல் பாய்ச்சினால், கோடியில் ஒரு பங்கு ஒளி கொஞ்சம் நிறம் மாறித் திரும்பி வரும். அந்த மாற்றத்தை அளந்தால், பொருளுக்குள்ளே அணுக்கள் எப்படி ஆடுகின்றன என்று சொல்லிவிடலாம். ஆட்டம் இருக்கிற இடத்தில் பேனா மேலே ஏறி ஒரு சிகரம் வரையும். ஞானதாஸுக்கு இதை யாரும் பாடமாக நடத்தவில்லை. மெஷினைப் பூட்டியவர் அவர், குழாயில் தண்ணீர் வராத கோடையில் லேசரைக் குளிரவைக்க மாடியில் தொட்டி கட்டியவர் அவர். பக்கத்திலேயே இருந்து பார்த்துப் புரிந்துகொண்டார்.

இரண்டு வருடம் கழித்துத் தனசேகர் ஆராய்ச்சி மாணவராக வந்தார். திண்டிவனம் பக்கத்து வாத்தியார் மகன். ஞானதாஸைவிட ஐந்தாறு வயது இளையவர். அவர் எடுத்துக்கொண்டது கரி இழை. உலையில் இரும்புத் தூளைச் சூடாக்கி அதன்மேல் பென்சீன் ஆவியை விட்டால், மயிர் முளைக்கிற மாதிரி கரி முளைக்கும். அந்த மயிருக்குள் கரி அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா, கலைந்து கிடக்கின்றனவா என்று ராமன் ஒளியால் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

முதல் மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புப் பொருள் லேசரை விழுங்கிச் சூடாகி, பேனா நகர்வதற்குள் எரிந்து போனது. தனசேகர் வேறு தலைப்புக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஞானதாஸ் மூர்மார்க்கெட்டில் ஒரு பழைய டேப்ரெக்கார்டரின் மோட்டாரை வாங்கி வந்தார். அதன் தலையில் ஒரு பித்தளைத் தட்டைப் பொருத்தி, கரியைத் தட்டில் அழுத்தி வைத்துச் சுற்றவிட்டார். ஒளி ஓரிடத்திலேயே விழாததால் கரி எரியவில்லை. அன்றைக்குத்தான் பேனா முதல் முறையாக இரண்டு சிகரங்களை வரைந்தது. ஒன்று ஒழுங்கைச் சொல்வது. இன்னொன்று கலைவைச் சொல்வது. ஆறே மாதத்தில், இரண்டில் எது உயரம் என்று பார்த்தே உலையை எத்தனை டிகிரியில் வைத்தார்கள் என்று ஞானதாஸ் சொல்லிவிடுவார். தனசேகர் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். ஞானதாஸ் கடைசிவரை சார் என்றுதான் சொன்னார்.

அந்த அறையில் லேசர் கண்ணாடி ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் போட்டால் கண்ணுக்குப் பாதுகாப்பு. ஆனால் பச்சை ஒளி தெரியாது. தெரியாத ஒளியை எப்படி நேர்ப்படுத்துவது? அதனால் நேர்ப்படுத்துகிறவர்கள் எல்லோரும் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் வேலை செய்தார்கள். மின்னக்கூடிய ஆணி, தட்டு எல்லாவற்றுக்கும் ஞானதாஸ் கறுப்புப் பெயின்ட் பூசி வைத்திருந்தார். 1978 ஆகஸ்டில் ஒருநாள் காலை, தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டதென்று அவர் மாடிக்குப் போயிருந்தபோது, சுழல் தட்டின் ஓர் ஆணி கழன்று விழுந்தது. தனசேகர் டப்பாவில் தேடி ஒரு புது எஃகு ஆணியை முடுக்கி வைத்தார். பளபளவென்று இருந்த அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. சொல்லவும் தோன்றவில்லை.

ஞானதாஸ் இறங்கி வந்து, குனிந்து, லேசரை ஏற்றினார். தட்டு சுழன்றது. பளீரென்று ஒரு வெட்டு. வலி இல்லை. போட்டோ எடுக்கும்போது பல்பு அடித்த மாதிரி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னாச்சு என்று தனசேகர் கேட்டதற்குத் தூசி விழுந்துவிட்டது என்றார். தட்டை நிறுத்தித் தடவிப் பார்த்தபோது பெயின்ட் இல்லாத ஆணி விரலில் வழுக்கியது. நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது தூக்குக்கு நடுவில் சோறு இல்லை. ஓரத்தில் இருந்தது. பார்வையைத் திருப்பினால் காலிப் பள்ளமும் கூடவே திரும்பியது.

கண் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். நல்ல கண்ணின் நட்டநடுவில் சுட்டுவிட்டிருக்கிறது என்றார். ஓரப் பார்வை அப்படியே இருக்கும். எதை நேராகப் பார்க்கிறீர்களோ அது மட்டும் தெரியாது. ஆறாது, வளராது, மருந்தும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் ஜெசிந்தா மடவை மீன் குழம்பு ஊற்றினாள். அவர் முள்ளோடு வாயில் வைத்துத் துப்பினார். மறுபடி வைத்துத் துப்பினார். மீனில் முள் எடுக்கத் தெரியாத தோணிரேவுக்காரனை அவள் அதுவரை கண்டதில்லை. தட்டை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பிலோமினா நைனா, என்னைப் பாரு."

"பாத்துக்குனுதான் கீறேன்."

"என்னைப் பாக்கல. என் தோளைப் பாக்கற."

அவர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. அந்த ஆபீசில் உடனே சொல்லிவிட வேண்டும், அடிபட்டது அங்கேதானே என்றாள். சொன்னால் நாளைக்கே மெஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்றார் ஞானதாஸ். கண் இல்லாதவனை மெஷின் அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள். அதுவும் எத்தனை நாளைக்கு? ஒரு வருடம் சமாளித்துப் பார்க்கிறேன் என்றார். அவளுக்குச் சம்மதமில்லை. ஆனாலும் ஊரில் யார் காதிலும் போடாமல் அவளும் மறைத்தாள்.

சமாளிக்கவும் செய்தார். மெஷின் அவர் கையால் பூட்டியது. எந்தத் திருகு எத்தனை சுற்று என்று விரலுக்குத் தெரியும். எண் காட்டுகிற சக்கரம் பத்துக்கு ஒரு தரம் ‘டிக்’ என்னும், அதை எண்ணிக்கொண்டார். பேனாவைக் காதால் பின்தொடர்ந்தார். சமமாக ஓடும்போது ஒரு சரசரப்பு, ஏறும்போது ஒரு கீறல், இறங்கும்போது வேறு கீறல். அறை எப்போதும் திரை போட்டு இருட்டாகத்தான் இருக்கும் என்பதும் வசதியாகப் போயிற்று. தனசேகர் கவனித்தது ஒன்றைத்தான். அண்ணே, இப்பல்லாம் நீங்க கோழி மாதிரி தலையைச் சாய்ச்சுப் பாக்கறீங்க என்று ஒருநாள் சிரித்தார். கழுத்து பிடித்துக்கொண்டது என்று ஞானதாஸும் சிரித்து வைத்தார்.

1979 பொங்கல் விடுமுறை முடிந்ததும் மெஷினைத் துடைத்துப் பூட்டினார். லேசரின் வாயில் பில்டர் என்று ஒரு சின்ன வட்டக் கண்ணாடி செருக வேண்டும். லேசரிலிருந்து பச்சையோடு சேர்ந்து கசியும் வேண்டாத ஒளிக்கோடுகளை அது நிறுத்திவிடும். அதே அளவில், அதே கனத்தில், சும்மா ஒரு வெறும் கண்ணாடியும் பெட்டியில் இருந்தது. எது எது என்று விளிம்பில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். கடுகைவிடச் சின்ன எழுத்து. ஞானதாஸ் தடவிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றைச் செருகினார்.

அந்த மாதத்திலிருந்து தனசேகர் புது வகை இழைகளை அளக்கத் தொடங்கினார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அவற்றில் பல, உள்ளே பொந்து உள்ளவையாக, நாணல் குழாய் மாதிரி இருந்தன. முதல் குழாயிலேயே பேனா பழைய இரண்டு சிகரங்களை வரைந்ததோடு நிற்கவில்லை. சக்கரத்தின் தொடக்க எண்களிலேயே, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், ஊசி மாதிரி ஒரு சிகரத்தை ஏற்றியது. அடுத்த சாம்பிளிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். போன வருடத்துக் கெட்டி இழைகளின் காகிதங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் அது இல்லை. பொந்து உள்ளதில் உண்டு, கெட்டியில் இல்லை. குழாய் அப்படியே விரிந்து சுருங்குகிறது, மூச்சு விடுகிற மாதிரி, என்று தனசேகர் சொன்னார். ஞானதாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பேராசிரியர் இரண்டு நாள் முகம் சுளித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் எழுதச் சொல்லிவிட்டார்.

அக்டோபரில் கட்டுரை அச்சாகி வந்தது. கடைசிப் பத்தியில் திரு. ஞானதாஸின் கைத்திறனுக்கு நன்றி என்று ஒரு வரி. தனசேகர் அதை ஆங்கிலத்திலேயே படித்துக் காட்டினார். நவம்பரில் ஜெர்மனியில் ஒரு கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தச் சிகரத்தைப் பற்றி மேற்கொண்டு வேலை செய்ய மார்ச்சில் வரலாமா என்று கேட்டிருந்தார்கள்.

டிசம்பரில் மழை விட்டது. மழைக்காலம் முடிந்தால் கண்ணாடிகளில் பூஞ்சை பிடித்திருக்கும். வருடா வருடம் வெயிலில் வைத்துத் துடைப்பது ஞானதாஸின் வேலை. வராந்தாவில் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்தார். பெட்டியில் இருந்த வட்டக் கண்ணாடியை வெயிலில் திருப்பினபோது, அவர் பார்வையின் ஓரத்தில் அது மயில் கழுத்தாக மின்னியது. வெறும் கண்ணாடி மின்னாது. அப்படியானால் லேசரின் வாயில் பதினோரு மாதமாக இருப்பது எது?

தனசேகர் நூலகத்தில் இருந்தார். ஞானதாஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுத் தூக்கில் கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளக் கல்லுப்பு கட்டி வைத்திருந்தார். ராமனில் உப்பு ஊமை என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அது சிகரம் எதுவும் காட்டாது. ஒரு கல்லைத் தட்டின்மேல் மெழுகு வைத்து ஒட்டி மெஷினை ஓட்டினார். டிக். டிக். சரசரப்பு. குறித்த இடம் வந்ததும் பேனா கீறிக்கொண்டு மேலே ஏறியது. அவர் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடி ஏறியது. மூச்சு விட்டது குழாய் இல்லை. லேசரிலிருந்து கசிந்த வேண்டாத ஒளிக்கோடுதான் தட்டில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

சுருளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார். பூசையில் அவர் வாய் அசையவில்லை. பிலோமினாவுக்கு அப்போது எட்டு வயது; புதுப் பாவாடையைக் காட்ட முன்னால் வந்து நின்றவளை நகரச் சொன்னார். ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவளுக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்கின பாதிக்குப் பதில் சொன்னாள். "நீ மறைச்ச. அது அந்தப் படிக்கிற புள்ள தலையில விடிஞ்சிருக்குது. இன்னும் மறைச்சா, நாளைக்கு அங்க போயி நாலு பேர் எதிர்ல அவமானப்படும்."

ஜனவரி இரண்டாம் தேதி ஞானதாஸ் சுருளை எடுத்துத் தனசேகரின் மேசையில் விரித்தார்.

"இது எந்த சாம்பிள், அண்ணே?"

"உப்பு, சார்."

தனசேகர் தானே எழுந்து லேசரின் வாயிலிருந்த கண்ணாடியைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் படித்தார். சரியான பில்டரை எடுத்துச் செருகினார். உப்பை ஓட்டினார், பேனா சமமாக ஓடியது. பொந்து இழையை வைத்து ஓட்டினார். அந்த இடத்தைப் பேனா நூல் பிடித்த மாதிரி கடந்து போனது. இரண்டாவது, மூன்றாவது இழை வைத்தார். மாலை ஐந்து மணிவரை இருவரும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு தனசேகர் திரையை ஒதுக்கி ஜன்னலைத் திறந்தார். ஞானதாஸின் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். ஞானதாஸ் தலையைச் சாய்த்த பிறகுதான் சொன்னார். எப்போதிருந்து என்று கேட்டதற்கு, எழுபத்தெட்டு ஆகஸ்டு என்றார். தனசேகர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பேராசிரியர் பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஜெர்மனியிலிருந்து இரண்டு வரியில் வருத்தம் வந்தது. தனசேகரின் உதவித்தொகைக் காலம் அந்த ஜூனோடு முடிந்தது. ஞானதாஸை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, வேலைக்கு உடல் தகுதியில்லை என்று மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் எப்படிப் போனது என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை என்று அவரே சொல்லி எழுத வைத்தார், அதுவும் உண்மைதான். கிளம்புகிற நாளில் தனசேகர் அறைக்கு வரவில்லை. ஞானதாஸ் பதினோரு மணிவரை காத்திருந்து பார்த்துவிட்டு பஸ் ஏறினார்.

தோணிரேவில் ஜெசிந்தாவின் தம்பி தானியேல் அவரைத் தன் படகில் ஏற்றிக்கொண்டான். முப்பத்தைந்து வயதை நெருங்குகிறவர் புதிதாக ஏரி படித்தார். படகைத் தள்ளுகிற சவள் கம்பை ஊன்றுவதற்கு ஓரப் பார்வை போதும் என்று நினைத்தார்கள். ஆனால் நேர் எதிரே நட்டிருக்கும் வலைக் கம்புகள்தான் அவருக்குத் தெரியாமல் போயின. இரண்டு தரம் அடுத்தவர் வலையைக் கிழித்தார். மற்ற படகுக்காரர்கள் தானியேலிடம் முறையிட்டார்கள். அவன் மாமாவைப் படகின் முன்முனையான அனியத்திலிருந்து எடுத்து நடுவில் உட்கார வைத்தான்; தண்ணீர் இறைப்பதும் மீன் பொறுக்குவதும் அவர் வேலையாயிற்று. லேசர் கண்ணன் என்று ஊர்ப் பையன்கள் பெயர் வைத்தார்கள். அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

எண்பத்து நாலு நவம்பரில் புயல் அடித்தது. ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்து குடிசைகளை வாரிக்கொண்டு போயிற்று. தானியேலின் படகு ஒரு கருவேலங்காட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அடுத்த வாரம் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் லாரியில் அரிசியும் போர்வையும் கொண்டுவந்தார்கள். கோயில் முன்னால் வரிசையில் நிற்க வைத்து, கூட வந்த வாத்தியார் பட்டியலைப் படித்துக் கூப்பிட்டார். ஞானதாஸ் என்ற பெயர் வந்ததும் குரல் நின்றது. மறுபடி, மெதுவாக, ஞானதாஸ் என்றது.

குரலைக் கேட்டே அவருக்குத் தெரிந்துவிட்டது. பட்டியலை ஒரு மாணவனிடம் கொடுத்துவிட்டு, தனசேகர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். சுவர் இடிந்து கிடந்த ஒரு வீட்டின் படியில் உட்கார்ந்தார்கள். பட்டம் வாங்கவில்லை என்றார் தனசேகர். ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்துகிறார். மெஷினை அதற்குப் பிறகு அவர் தொடவேயில்லை. இரண்டு வருடம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன், அதன் பிறகுதான் அந்த ஆகஸ்டில் நடந்ததை நாள் நாளாக யோசித்துப் பார்த்தேன் என்றார்.

"அந்த ஆணி நான் போட்டதுண்ணே."

"தெரியும், சார்."

"அன்னைக்கேவா?"

"தடவிப் பாத்தேன். பெயின்ட் இல்ல."

தனசேகர் மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதானே கண்ணைப் பத்திச் சொல்லாம இருந்தீங்க என்று கேட்டார். அப்படித்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார் என்பது ஞானதாஸுக்குக் குரலிலேயே விளங்கியது. சொல்லியிருந்தால் இருவருக்கும் கொஞ்சம் இதமாகக்கூட இருந்திருக்கும்.

"இல்ல, சார். உங்களுக்காவ இல்ல. மெஷினை எங்கிட்டேருந்து எடுத்துடுவாங்கன்னு பயம். அதுக்காவத்தான் மறைச்சேன். அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க படிப்பு தப்பிச்சிருக்கும்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தனசேகர் எழுந்து ஒரு போர்வையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் வரவில்லை. வந்தவர் யார் என்று ஜெசிந்தா கேட்டாள். சொன்னார். ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, மெலிந்துபோயிருக்கிறார் என்று நினைக்கிறேன், கை எலும்பாக இருந்தது என்றார்.

தானியேல் மறுபடி படகு கட்டவில்லை; துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போய்விட்டான். ஜெசிந்தாவும் ஞானதாஸும் அடுத்த தை மாதம் பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு சுண்ணாம்புக்குளம் பக்கம் குடிபோனார்கள். அங்கே ஏரிச் சேற்றில் கிளிஞ்சல் அள்ளுகிற வேலை கிடைத்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் துழாவி, கூடையில் போட வேண்டும், கண் வேண்டியதில்லை. உச்சிவெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்போது மட்டும் ஞானதாஸால் தாங்க முடியாது. தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, கைகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மேகம் மறைக்கும்வரை அப்படியே நிற்பார். பக்கத்தில் அள்ளுகிறவர்கள் முதலில் என்ன என்று கேட்டார்கள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.